தாய்ப்பால் வாரத்துக்கு ஊருக்குள்ள உண்மையா பயன்படுற மாதிரி என்ன செய்யலாம்? (மட்டக்களப்பு – அம்பாறை)

படுவான்கரை_சங்கம்:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பாலூட்டல் வாரம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நிகழ்ச்சிய எடுத்துச் செய்யப்போகுது. வழமையான ஒழுங்கு ஒன்று இருக்கு: பதாகை, மங்கள விளக்கு, அதிதிகள் பேச்சு, கொழுகொழு குழந்தைப் போட்டி, பரிசுப் பொதி. அது முடிஞ்சு வீட்ட போற கர்ப்பிணிக்குக் கையில ஒன்றும் மிஞ்சாது என்டு சங்கத்தில பலருக்கும் நினைப்பு. எங்களிட்ட இருக்கிறது ஒரு பல்நோக்கு மண்டபம், 50 கதிரை, சமைக்க ஆக்கள், கொஞ்சக் காசு. விசயம் தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்க.

கிளினிக்_மிஸ்:
முதல்ல அந்தப் போட்டிய விடுங்க தங்கச்சி. எடை பார்த்துப் பரிசு குடுத்தா, 2.2 கிலோவில பிறந்து மாதாமாதம் நல்லா ஏறிவாற பிள்ளைட தாய் தலை குனிஞ்சு வீட்ட போவா. அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரர் பால்மா பேர் சொல்லத் தொடங்குவாங்க. பிள்ளைட வளர்ச்சிக் கொப்பியில எடைக் கோடு எந்தத் திசையில போகுது என்டுதான் நாங்க பார்க்கிறது. மற்றப் பிள்ளையோட ஒப்பிட்டுப் பார்க்க அதில ஒன்றுமில்ல.

அடுத்தது, யாரக் கூப்பிடுறீங்க? தாய்ப்பால் நல்லது என்டு தெரியாத தாய் நம்ம பக்கம் இல்ல. 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகள்ல 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிக்குதுகள். அதுக்கு முந்தின 2006–07 மதிப்பீட்டில 76. நாடு நல்ல இடத்திலதான் நிக்குது. ஆக்கள் விழுறது முதல் பத்து நாள்ல. சுகப்பிரசவம் என்டா ஓரிரு நாள்ல வீடு. பால் நிறைஞ்சு மார்பு கட்டுறது மூன்றாம் நாளுக்கும் அஞ்சாம் நாளுக்கும் இடையில, அதாவது வீட்டில. நம்ம வீடுகள்ல 31ம் நாள் வரை துடக்கு (தீட்டு), வெளியாக்கள் வந்து போறது குறைவு. மருத்துவமாது நாங்க முதல் பத்து நாள்ல வீட்டுக்கு வருவம்தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை கத்தேக்க பக்கத்தில நிக்கிறது அம்மம்மாவும் மாமியும் கணவனும். அந்த ஆக்களுக்குப் பழக்கிறதுதான் உங்கட வாரத்தின்ட வேலை.

ஆகவே அழைப்பிதழைச் சோடியா எழுதுங்க: கர்ப்பிணி ஒருவர், பிள்ளை பிறந்தபிறகு அவவோட வீட்டில நிக்கப்போற ஒருவர். ஏழு மாதம் தாண்டின ஆக்களா இருந்தா நல்லது. பேர்ப் பட்டியலை நாங்க வெளியில தர ஏலாது, அழைப்பிதழை எங்களிட்டத் தந்தா வீடு பார்க்கப் போறநேரம் குடுத்துவிடுவம். ஒரு அமர்வுக்கு 20 சோடிக்கு மேல வேணாம். மேடை வேணாம். நாலு மேசை போடுங்க, அஞ்சு சோடியா அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மேசை மாறட்டும். இரண்டு மணித்தியாலத்தில முடியும், சாப்பாட்டோட அனுப்பலாம்.

விடுதி_தாதி:
மிஸ் சொன்ன நாலு மேசையில் முதலாவது, பிள்ளையை மார்பில் பிடிக்கப் பழக்கும் மேசையாக இருக்கட்டும். இதற்குப் படமும் துண்டுப்பிரசுரமும் போதாது, கையால் செய்து பார்க்க வேண்டும். தேவையானவை பிறந்த பிள்ளை அளவில் ஒரு பொம்மை, துணி மார்பு ஒன்று. துணி மார்பை வீட்டிலேயே செய்யலாம். பழைய காலுறைக்குள் பஞ்சு திணித்து வாயைத் தையுங்கள். நடுவில் ஒரு சிறு உருண்டைப் பஞ்சை உள்ளிருந்து தள்ளி, அடியை நூலால் இறுக்கிக் கட்டினால் அது முலைக்காம்பு. அதைச் சுற்றி 4 சென்ரிமீற்றர் அகலத்தில் மண்ணிறத் துணி வட்டம் ஒன்று தைத்தால் கருவட்டம்.

பழக்க வேண்டிய ஒழுங்கு இது. தாய் முதுகு சாய்ந்து இருக்க வேண்டும், கால் தொங்கக் கூடாது. பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியபடி. மூக்கு முலைக்காம்புக்கு நேரே. முலைக்காம்பால் மேல் உதட்டைத் தொட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலத் திறந்த அந்தக் கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், நாடி (முகவாய்) முதலில் படவேண்டும். மார்பைத் தூக்கிப் பிள்ளையின் வாய்க்குள் வைக்கப் போனால் தாய் முன்னால் குனிவார், இரண்டு நாளில் முதுகு பிடிக்கும்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நாலு அடையாளம்: வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், நாடி மார்பில் தொடும், கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே கூடத் தெரியும். முதலில் வேகமாகச் சப்பி, பிறகு ஆறுதலாக ஆழமாக இழுத்து விழுங்கும் சத்தம் கேட்கும்.

பிழைக்கிற இடங்கள் பெரும்பாலும் மூன்று. இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல் வைத்துக் கருவட்டத்தை அமத்துவது, இதனால் பிள்ளைக்கு வாய் நிறையப் பிடிக்க இடமில்லாமல் போகும். பிள்ளையின் பிடரியைத் தள்ளுவது, பிள்ளை பின்னுக்கு வளைந்து மார்பை விட்டுவிடும். நோவைப் பொறுத்துக்கொண்டு இருப்பது. முதல் சில விநாடிகளுக்கு மேல் நோகக் கூடாது. நொந்தால் சின்ன விரலை வாயின் கடைவாய்ப் பக்கத்தால் விட்டு, காற்றுப் பிடியை எடுத்து, திரும்பப் பிடியுங்கள். வெறுமனே இழுத்தால் காம்பு வெடிக்கும். பால் குடித்து முடிந்ததும் காம்பைப் பாருங்கள்: சாய்வாகச் சப்பைப்பட்டிருந்தால் பிள்ளை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சத்திரசிகிச்சை செய்த தாய்மாருக்கு ஒருக்களித்துப் படுத்தபடியோ, பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழே பிடித்தபடியோ கொடுக்கக் காட்டுங்கள். தையலில் பாரம் விழாது.

நெல்லுமணி:
எல்லாம் சரி. ஊருல பால்மா ரின் வாங்குறதுக்குச் சொல்ற ஒரே காரணம் "பால் காணல" (போதாது) என்டதுதான். அதுக்கு எந்த மேசை?

கிளினிக்_மிஸ்:
அதுதான் ரெண்டாவது மேசை. அங்க அம்மம்மாமாரை முன்னால இருத்துங்க.

பிள்ளை அழுறது பால் காணாததுக்கு அடையாளமில்ல. மார்பு மென்மையா இருக்கிறதும் இல்ல, பின்னேரத்தில தொடர்ந்து குடிக்கக் கேட்கிறதும் இல்ல. ரெண்டு மூன்று கிழமையிலயும் ஆறு கிழமையிலயும் திடீரெண்டு கூடக் குடிக்கும், அது வளர்ற காலம். நம்பிப் பார்க்கக்கூடியது ரெண்டுதான். அஞ்சாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில 6 தடவையாவது வெளிறின சலம் (சிறுநீர்) போகணும். எடை, பிறந்து முதல் நாட்கள்ல 7 முதல் 10 வீதம் வரை குறையலாம், ரெண்டு கிழமைக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பணும். அதுக்குப் பிறகு மாதத்துக்கு 500 கிராமுக்குக் குறைய ஏறினா, அப்ப சொல்லலாம் பால் காணுதா என்டு பார்ப்பம் என்டு.

மேசையில ஒரு தேக்கரண்டி வச்சுக் காட்டுங்க. முதல் நாள் பிள்ளை ஒரு தடவையில குடிக்கிறது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல. கடும்புப்பால் (பிறந்த உடன வாற முதல் பால்) கொஞ்சம்தான் வருது என்டு பயப்படுற மாமிக்கு அந்தக் கரண்டி பதில் சொல்லும். அதப் பிழிஞ்சு ஊத்திற பழக்கம் இப்பவும் சில இடத்தில இருக்கு, அத நேராக் கேளுங்க. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள தொடங்கணும், நாளைக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து. ராத்திரிதான் பால் சுரக்கவைக்கிற ஹோர்மோன் கூட வேலை செய்யிற நேரம். "தாய் நித்திரை கொள்ளட்டும், நான் போத்தல் குடுக்கிறன்" என்டு அன்போட செய்யிற உதவிதான் ரெண்டு கிழமையில பாலக் குறைக்கும். பிள்ளைய எடுத்துவந்து தாய்க்குப் பக்கத்தில வச்சிட்டு, குடிச்சு முடிய ஏப்பம் எடுக்கவைக்கிற வேலைய அம்மம்மா எடுக்கலாம்.

இன்னொன்று, ஆகஸ்ட் கச்சான் காத்துக் காலம். பிள்ளைக்கு விடாய்க்கும் என்டு கொதிச்சாறின தண்ணி குடுப்பாங்க. தாய்ப்பால்ல 88 வீதம் தண்ணிதான், எந்த வெயிலுக்கும் காணும். தண்ணி குடுத்தா அந்தச் சின்ன வயிறு நிறைஞ்சு பால் குடிக்கிறது குறையும், கிருமியும் போகலாம். கோரோசனை, வசம்பு, கிரைப் வோட்டர், சீனித்தண்ணி எல்லாத்துக்கும் இதே கதைதான்.

வாவிக்கரை_சமையல்:
மூன்றாவது மேசை சாப்பாடு, அது எங்கட. பால்சுறாப் புட்டு, முருங்கை இலை வறை, உள்ளிக் குழம்பு, சரக்கு அரைச்ச மீன் கறி, வெந்தயம் போட்ட சோறு. பெரியாக்கள் சொன்னது வீணில்ல, பெத்தவளுக்குப் புரதமும் இரும்புச்சத்தும் உள்ள சாப்பாடு. ஆனா பால்சுறா தின்டதால மட்டும் பால் ஊறாது என்டதையும் அதே மேசையில சொல்லுங்க. இறைக்கிற கிணறுதான் ஊறும், பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால்.

பத்தியம் என்டு பழம், மரக்கறி, தண்ணி எல்லாத்தையும் மறிக்கிறதுதான் பிரச்சின. தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்டு விடாயோட வச்சிருக்கிற வீடுகள் இருக்கு. சரக்கை வைங்க, மறிப்பக் குறையுங்க. தாய் பால் குடுக்க இருக்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில ஒரு பெரிய கோப்பை தண்ணி இருக்கணும். கிளினிக்கில தாற திரிபோசா (சத்துமா) தாய்க்குத்தான், வீட்டில எல்லாரும் உருண்டை பிடிச்சுத் தின்னுறதுக்கில்ல. மேசையில அதில செஞ்ச லட்டும் கஞ்சியும் வைக்கலாம், "எப்பிடித் தின்னுற" என்டு கேக்கிற ஆக்கள் கூட.

மருதமுனை_ராத்தா:
அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இதே அமைப்புச் சரிவரும், நாங்க செய்யேக்க ரெண்டு மூனு மாத்தம் வேணும். எங்கட வீடுகள்ல 40 நாள், மூத்தம்மாதான் பொறுப்பு, அவவைக் கூப்பிடாம ஒன்டும் நடக்காது. ஆம்புளைகளுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல பேஷ் இமாமைக் கொண்டு சொல்லவைக்கலாம். பகரா சூறாவுல 233வது ஆயத்துல தாய்மார் முழுசா ரெண்டு வருசம் பால் குடுக்கிறதப் பத்தியும், அந்தத் தாய்ட சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் வாப்பா பொறுப்பு என்டதும் சேர்ந்தே வருது. அந்த ரெண்டாவது பாதியத்தான் ஆம்புளைகளுக்குச் சொல்லணும்.

தஹ்னீக் (பிறந்த புள்ளைட வாயில இனிப்புத் தடவுற வழக்கம்) விசயத்துல மரியாதையா, தெளிவா பேசணும். ஒரு வயசுக்குள்ள தேன் வேணவே வேணாம். அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் புள்ளைட குடலுக்குள்ள நஞ்சு உண்டாக்கும், உடம்பு தளர்ந்து மூச்சுக்கே ஆபத்தாகும். ஈத்தம்பழம் தடவுறவங்க அதோட அளவு, சுத்தம், நேரம் பத்தி விடுதி மிஸ்மாரோட முதல்லயே கதைச்சிக்கிட்டா நல்லம், முதல் தாய்ப்பால் அதுக்காகப் பிந்தக் கூடாது. நோன்பு காலத்துல, பால் குடுக்கிற தாய்க்குத் தனக்கோ புள்ளைக்கோ பயம் இருந்தா விடுறதுக்குச் சலுகை இருக்கு. இதை மார்க்கம் தெரிஞ்சவங்க வாயால கேட்டா மாமிமார் ஏத்துக்குவாங்க.

கல்லடிப்_பாலம்:
ஒரு யோசனை. பால்மா முகவர் மாரிடம் கேட்டால் பொதி, குடை, பதாகைக்குக் காசு எல்லாம் வரும். தாய்மாருக்கான பால்மாவைத்தானே போடுவார்கள், பிள்ளைக்கானதை இல்லை. சங்கத்தின் செலவும் குறையும்.

விடுதி_தாதி:
தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம். தாய்ப்பால் மாற்றீடுகளைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேச ஒழுக்கக்கோவை 1981இல் வந்தது, இலங்கை தன் ஒழுக்கக்கோவையை 1983இல் கொண்டுவந்தது. இலவச மாதிரி, பரிசு, தாய்மாரிடம் நேரே விளம்பரம், இவற்றைத் தடுக்கத்தான் அவை இருக்கின்றன. பேணியில் தாயின் படம் இருந்தாலும், அதே பெயரும் அதே நிறமும் பிள்ளையின் பேணியிலும் இருக்கும். தாய்ப்பால் வார மேடையில் தந்த பொதியில் அந்தப் பெயர் இருந்தால், மூன்றாம் மாதம் பிள்ளை அழும்போது ஞாபகத்தில் வருவது அதுதான். சூப்பிப் போத்தலும் பொதிக்குள் வரக் கூடாது.

பொதிக்கு என்ன போடலாம் என்றால்: அரைக் கிலோ பயறு, உள்ளி, ஒரு முருங்கைத் தடி, 60 மில்லிலீற்றர் அளவில் விளிம்பு மழுங்கிய ஒரு சின்னச் சில்வர் கோப்பை, கழுவிய பருத்தித் துணி இரண்டு. ஊர்க் கடைக்காரரும் வயற்காரரும் தருவார்கள்.

நெல்லுமணி:
கோப்பை எதுக்கு?

வேலைக்குப்போறதாய்_குழு:
அது நாலாவது மேசை. பால் பிழிஞ்செடுக்கிறது, வைக்கிறது, கோப்பையால பருக்கிறது. வேலைக்குப் போற ஆக்களுக்கு மட்டுமில்ல, மார்பு கட்டினா, பிள்ளை குறைமாதத்தில பிறந்து தனி விடுதியில இருந்தா எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும். இயந்திரம் தேவையில்ல.

கை சவுக்காரம் போட்டுக் கழுவி, அவிச்ச அகல வாய்ப் பாத்திரம் ஒன்றை எடுங்க. மார்பை மெல்லத் தடவி, சூடான துணி ஒன்று ரெண்டு நிமிசம். பெருவிரல் மேல, மற்ற விரல்கள் கீழ, காம்படியில இருந்து 2 – 3 சென்ரிமீற்றர் தள்ளி. முதல்ல நெஞ்சுப் பக்கம் அமத்தி, பிறகு விரல்களை ஒன்றோடொன்று நெருக்கி, விடுங்க. அமத்து, நெருக்கு, விடு. தோல்ல விரல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. முதல் ஓரிரு நிமிசம் ஒன்றும் வராது, அங்கதான் கனபேர் கைவிடுற. துளி துளியா வந்து பிறகு பீச்சும். ஒரு பக்கம் 3 – 5 நிமிசம், குறையேக்க மற்றப் பக்கம், விரலைச் சுத்திச் சுத்தி மாத்தி, மொத்தம் 20 – 30 நிமிசம்.

வைக்கிற நேரம்: அறையில 4 மணித்தியாலம் என்டு எழுதியிருக்கிறது 25 பாகைக்கு. நம்ம வெக்கைக்கு அதக் குறைச்சுக் கணக்கெடுங்க, மண்சட்டித் தண்ணிக்குள்ள பாத்திரத்த இறக்கி மூடி, இருட்டான மூலையில வைங்க. குளிர்சாதனப் பெட்டியில 4 நாள், கதவுப் பக்கம் இல்லாம உள்பக்கம் பின்னால. கரண்ட் போய்ப் போய் வந்தா அந்த நாலு நாளை நம்ப வேணாம். ஒரு தடவைக்குத் தேவையான அளவா, 60 – 90 மில்லிலீற்றரா பிரிச்சு, நேரம் எழுதி ஒட்டுங்க. சூடாக்க அடுப்பில வைக்க வேணாம், சுடுதண்ணிக் கோப்பைக்குள்ள பாத்திரத்த வச்சா காணும். சூடாக்கினத 2 மணித்தியாலத்துக்குள்ள குடுக்கணும், மிச்சத்த ஊத்தணும். வச்ச பால்ல ஆடை மேல மிதக்கும், கெட்டுப்போகல, மெல்லச் சுழட்டினா சேரும்.

பருக்கேக்க பிள்ளைய நிமிர்த்தி மடியில இருத்தி, கோப்பை விளிம்பைக் கீழுதட்டில வச்சு, பால் உதட்டத் தொடுற அளவுக்குச் சரிங்க. பிள்ளை தானே நக்கி உறிஞ்சும். வாய்க்குள்ள ஊத்தினா புரைக்கேறும்.

சட்டமும் சொல்லிவைங்க. 84 நாள் சம்பளத்தோட பிரசவ லீவு. அதோட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குப் பாலூட்ட 9 மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு இடைவேளை, வேலையிடத்தில பிள்ளை பராமரிப்பு அறை இருந்தா ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். ஆடைத் தொழிற்சாலைக்குப் போற பிள்ளைகளுக்கு இது கனபேருக்குத் தெரியாது. கதிரறுப்புக்கும் கூலிக்கும் போற தாய்மாருக்குச் சட்டம் எட்டாது, அந்த இடத்தில சங்கம் வயற்காரரோட கதைச்சு நிழல் கொட்டிலும் நேரமும் வாங்கிக் குடுக்கலாம்.

கல்லடிப்_பாலம்:
விளங்கியது, முகவர் யோசனையை விட்டுவிடுவோம். ஆனால் வேறு வழியில்லாமல் பால்மா கொடுக்கும் தாய் இந்த மண்டபத்துக்கு வந்தால் எப்படி உணர்வார்?

விடுதி_தாதி:
இதை ஏற்பாட்டாளர் எல்லோரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். தாயை இழந்த பிள்ளை, மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன மருந்தோ நோயோ உள்ள தாய், காலக்டோசீமியா (பாலிலுள்ள சீனியை உடல் ஏற்காத பிறவி நோய், இதற்கு லக்டோஸ் இல்லாத விசேட மா) உள்ள பிள்ளை, இப்படிச் சிலருக்குப் பால்மாதான் உணவு. யாரையும் எழுப்பி "எத்தனை மாதம் கொடுத்தீர்கள்" என்று கேட்கக் கூடாது, கை தூக்கச் சொல்லவும் கூடாது. கரைக்கும் முறையை மேடையில் காட்டாமல், தேவைப்பட்டவருக்குத் தனியாகச் சொல்லுங்கள்: கொதித்த தண்ணீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் எடுக்க வேண்டும், ஏனென்றால் மாவுக்குள்ளேயே கிருமி இருக்கலாம். முதலில் தண்ணீர், பிறகு தட்டிச் சமப்படுத்திய கரண்டி மா. பிறகு குளிரவைத்துக் கொடுக்க வேண்டும். மாவைக் குறைத்துத் தண்ணீராகக் கரைத்தால் பிள்ளை மெலியும், காசு மிச்சம் பிடிக்கப் பல வீடுகளில் நடப்பது அதுதான். 2 மணித்தியாலம் தாண்டினால் ஊற்றிவிடுங்கள்.

மாமாங்கத்_தொண்டர்:
மண்டபத்துக்கு வெளியிலயும் ஒரு வேலை இருக்கு. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்துக்கும், ஆவணியில தேருக்குக் கொக்கட்டிச்சோலைக்கும் கைப்பிள்ளையோட எத்தனை தாய்மார் வருவாங்க. வெயிலுக்க நின்டு சேலைத்தலைப்பால மூடிக் குடுக்கிறத விட்டிட்டு, கனபேர் போத்தல்ல கரைச்சுக் கொண்டு வாறாங்க. அன்னதான மடத்துக்கும் தண்ணிப் பந்தலுக்கும் இடையில 10 அடிக்கு 8 அடியில ஒரு கிடுகுக் கொட்டில் போடுங்க. நாலு பக்கமும் தோளளவு மறைப்பு, மேல காத்துக்கு இடைவெளி. கைபிடி உள்ள கதிரை நாலு, ஒரு பாய், குடிதண்ணிக் குடம், குப்பைக் கூடை, வாசல்ல ஒரு பெண் தொண்டர். மலசலகூடத்துக்குப் பக்கத்தில போட வேணாம், அங்க ஒருவரும் போகமாட்டாங்க. "பாலூட்டும் இடம்" என்டு பெரிய எழுத்தில எழுதி, ஒலிபெருக்கியில மணித்தியாலத்துக்கு ஒருக்கா அறிவிச்சா காணும்.

அதே கொட்டில் சாமான மாரிக்கும் வச்சிருங்க. 2011 தை வெள்ளம் மாதிரி ஒன்று வந்து பள்ளிக்கூடத்தில ஆக்கள் தங்கேக்க, ஒரு வகுப்பறைய பாலூட்டுற தாய்மாருக்கு ஒதுக்கணும். உதவி கொண்டுவாற ஆக்கள் பால்மாவ எல்லாருக்கும் பங்கிடுவாங்க, அத வாங்கிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில ஒப்படைங்க. வெள்ளத் தண்ணியில கரைச்ச போத்தல் வயித்தோட்டத்த கூட்டிக்கொண்டுவரும். பயத்தில பால் வத்திப்போகாது, இறங்கிறதுதான் பிந்தும். ஒதுக்குப்புறமா இருத்திப் பிள்ளைய நெஞ்சோட வச்சா திரும்ப வரும்.

படுவான்கரை_சங்கம்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. போட்டிய எடுத்தாச்சு, பொதிக்குப் பயறும் உள்ளியும் ரெண்டு பேர் தாறதா ஒத்துக்கொண்டாங்க. ஒரு விசயம் மிச்சம். துடக்குக்க வீட்டுக்குப் போக ஏலாது, அதால சங்கத்தில ஆறு பேர் போன்ல கதைக்கிறதா முடிவெடுத்திருக்கம். எப்ப எடுக்கிற, என்ன கேக்கிற மிஸ்?

கிளினிக்_மிஸ்:
நாலாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், பிறகு ஒன்றரை மாதத்தில. ஒரு தாய்க்கு ஒரே ஆள்தான் எடுக்கணும், மாறி மாறி வேணாம். தாயோடயே கதைங்க, போனை மாமியிட்டக் குடுத்து முடிச்சிராதீங்க. "சுகமா" என்டு கேட்டா "ஓம்" என்டுதான் பதில் வரும். நேத்துக் காலமையில இருந்து இன்டைக்குக் காலம வரை எத்தனை தரம் குடுத்த, எத்தனை தரம் சலம் போச்சு, குடிக்கேக்க நோகுதா, நீ என்ன சாப்பிட்ட, எவ்வளவு நித்திரை, இப்பிடிக் கேளுங்க.

மார்பு கல்லுப்போல கட்டினா: குடுக்கிறதுக்கு முன்னம் காம்பைச் சுத்தி விரல் நுனியால ஒரு நிமிசம் உள்ளுக்கு அமத்திப் பிடிச்சா கருவட்டம் இளகும், பிள்ளைக்குப் பிடிக்கலாம். முத்திப்போனா கொஞ்சம் பிழிஞ்சு எடுக்கட்டும். குடிச்ச பிறகு குளிர் துணி. குடுக்கிறத நிப்பாட்டினா இன்னும் கட்டும். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் உடம்பு உளைவும் இருந்தா அது அழற்சி, அந்தப் பக்கத்தால தொடர்ந்து குடுத்தபடி அன்டைக்கே ஆஸ்பத்திரிக்கு. பிள்ளையோடயே இருந்தும் நாள் முழுக்க அழுறா, நித்திரை வருதில்ல, பிள்ளையப் பார்க்க மனமில்ல என்டு சொன்னா அத "பெத்த களைப்பு" என்டு தள்ளாம எங்களுக்கு உடன சொல்லுங்க.

பிள்ளை எழுப்பியும் குடிக்குதில்ல, அஞ்சாம் நாளுக்குப் பிறகு சலம் ஆறுக்குக் குறைவு, மஞ்சள் கால் பாதம் வரை இறங்கியிருக்கு, உடம்பு சுடுது அல்லது குளிர்ந்துபோய் இருக்கு, இதில ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்க வேணாம். வாகனம் இல்லாட்டி 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்க. கேள்விகளையும் இந்த அடையாளங்களையும் ஒரு அட்டையில எழுதி, ஆறு பேரும் போனுக்குப் பக்கத்தில வச்சிருங்க. அட்டை எழுதினதும் பணிமனைக்குக் கொண்டுவாங்க, பிரிண்ட் எடுக்க முதல் ஒருக்காப் பார்த்துத் தாறன்.